இவெலிஸின் பாட்டியும் எங்கள் ஊர்ப் பாட்டிமாரும்

ஆண்ட்ரியா பியாட்ரிஸ் அராங்கோ எழுதிய 'இவெலிஸ் எக்ஸ்ப்ளெயின்ஸ் இட் ஆல்' என்னும் ஆங்கிலச் சிறுவர் நாவல் 2022இல் வெளிவந்து, மறு ஆண்டே அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்கு வழங்கப்படும் நியூபெரி விருதின் சிறப்புத் தகுதியைப் பெற்றது. ஏழாம் வகுப்பில் படிக்கும் இவெலிஸ் என்ற சிறுமி தன் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் கவிதைகளே முழு நாவலும். மனநலத்துக்காக மாத்திரை உட்கொள்ளும் அவள், பள்ளியில் அடிக்கடி வம்பில் மாட்டிக்கொள்கிறாள். தான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எல்லோரிடமும் சாதிக்கிறாள். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையே வாழும் எனக்கு, எங்கோ இருக்கும் அந்தப் பெண்ணின் வீடு அயல் வீடாகவே தோன்றவில்லை.

அதற்குக் காரணம் மிமி என்று அவள் அழைக்கும் பாட்டி. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து தங்கும் அவருக்கு அல்சைமர் நோயால் நினைவு மங்கிக்கொண்டிருக்கிறது. பேத்தி மீது உயிரையே வைத்திருக்கும் அவர்தான், பேத்தி மாத்திரை சாப்பிடுவதை ஏற்க மறுப்பவரும். ஆசிரியர் அவரைப் பொல்லாதவராக ஆக்கவில்லை என்பதே இந்நூலில் நான் மிகவும் மதிக்கும் இடம். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பேச்சைக் குறைத்துச் சோற்றை ஒதுக்கினால், முதலில் உப்பு மிளகாய் சுற்றிப்போடுவார்கள்; பிறகு மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள்; வயதுக்கு வந்த பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று ஆறுதல் சொல்வார்கள். இவை அத்தனையும் அன்பினால் செய்யப்படுபவை. மருத்துவரிடம் அழைத்துப் போகலாம் என்று யாரேனும் வாய் திறந்தால் மட்டும், நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள் என்ற கேள்வியால் அந்தப் பேச்சு அங்கேயே அடைக்கப்படும்.

இந்தக் கதையை ஏன் கவிதையில் எழுத வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். ஏன் அழுகிறாய் என்று பெரியவர்கள் கேட்கும்போது அவர்கள் எதிர்பார்ப்பது உரைநடையில் ஒரு விடை: இன்னது நடந்தது, அதனால் அழுகிறேன் என்று முன்னும் பின்னும் கோத்த ஒரு வாக்கியம். பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் பல சமயம் அந்த 'அதனால்' இருப்பதில்லை. கவிதையில் அவள் பாதி வரியில் நிறுத்தலாம். சொன்னதையே திரும்பச் சொல்லலாம். ஒரு பக்கத்தில் நான்கு சொற்களை மட்டும் எழுதிவிட்டு மீதியை வெறுமையாக விட்டுவிடலாம். அந்த வெற்றிடத்தைப் படிக்கும் பிள்ளை, தன்னிடமும் அப்படி ஓர் இடம் இருப்பதைக் கண்டுகொள்ளும்.

பேச்சில் சொல்ல முடியாததைப் பாட்டில் சொல்லுதல் காவிரிக் கரைக்குப் புதியதன்று. இழவு வீட்டில் தோளோடு தோள் அணைத்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்கும் பெண்கள், இறந்தவரை மட்டுமா அழுகிறார்கள்? மாமியார் கொடுமையும், சீர் குறைந்ததற்காகப் பட்ட சொல்லும், கதவடைத்த அண்ணன் வீடும் அந்தப் பாட்டில்தான் வெளியே வருகின்றன. அன்றைக்கு அதைக் கேட்டு ஒருவரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் ஒப்பாரி வைக்க ஒரு சாவு நேர வேண்டும். எவரும் சாகாத வீட்டில், காரணம் சொல்லத் தெரியாமல் நெஞ்சு கனத்துக் கிடக்கும் சிறுமிக்கு நம்மிடம் என்ன பாட்டு இருக்கிறது என்று இந்நூலை முடித்தபின் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு பதினான்கு வயதுக்குள்ளும், பாதி பதினெட்டு வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். உதவி வெகுதொலைவில் இருப்பதாகவும் சொல்ல முடியாது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டிலேயே முதலில் தொடங்கப்பட்ட நான்கு மாவட்டங்களுள் திருச்சியும் ஒன்று. 2022 முதல் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவையும் இயங்குகிறது. இருந்தும், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு இங்கே விழுந்த தென்னைகளுக்குக் கணக்கெடுத்தோமே தவிர, காற்று சற்று பலமாக வீசினாலே கட்டிலுக்கு அடியில் புகுந்த பிள்ளைகளைப் பற்றி அதிகம் பேசவில்லை.

ஆகவே இந்நூலைத் தமிழில் மொழிபெயர்த்தால் மட்டும் நான் நிறைவடைய மாட்டேன். நடவுக்குப் போய்வரும் அப்பாயியும், அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தியும் ஒரே பாயில் படுத்துறங்கும் வீட்டிலிருந்து ஒரு கவிதை நாவல் தமிழில் எழுதப்பட வேண்டும். அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் மந்திரித்த கயிறும் இருக்கட்டும், புத்தகப் பையில் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை அட்டையும் இருக்கட்டும். கயிற்றை அறுத்தெறியும் புரட்சிக் காட்சி எனக்கு வேண்டாம். அப்பாயிக்கும் சில பக்கங்கள் தரப்பட வேண்டும். தன் பன்னிரண்டாவது வயதில் தனக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் தம் ஒப்பாரி மெட்டிலேயே பேத்திக்குச் சொல்லட்டும். எழுதக்கூடியவர்கள் தஞ்சையிலும் குடந்தையிலும் திருவாரூரிலும் இருக்கிறார்கள். எவரேனும் கையெழுத்துப் படியாகக் கொடுத்தாலும் போதும், எங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.