இருபத்திரண்டாவது ஸ்லைடு

கோவையில் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு அது மூன்றாவது வருடம். பம்பின் வெளிக்கூடான கேசிங்கில் புளோ ஹோல், அதாவது காற்றுக்குழி, விழுந்து ரிஜெக்‌ஷன் ஏறிக்கொண்டே போனது. காரணத்தைக் கண்டுபிடித்து முதலாளியிடம் விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

காரணம் மணல்தான். அச்சு செய்யும் ஈர மணலுக்கு கிரீன் சேண்ட் என்று பெயர். அதில் ஈரம் 3, 4 சதவீதம் இருந்தால் போதும். கூடினால், உருகிய இரும்பு பட்டதும் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வார்ப்புக்குள்ளேயே குமிழாக நின்றுவிடும். எங்களிடம் அச்சை உடைத்துத் திரும்பி வரும் மணல், சூடு ஆறும் முன்பே மிக்ஸருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் தண்ணீர் நிற்காது. மிக்ஸர் ஓட்டுபவர் கைக்கணக்கில் இன்னொரு வாளி ஊற்றுவார். ஒரு பேட்ச் பொலபொலவென்று, அடுத்தது சொதசொதவென்று.

இதைச் சொல்ல 24 ஸ்லைடு போட்டேன். மணலைப் பிடித்து நிறுத்தும் பெண்டோனைட் களிமண் குஜராத்தின் கட்ச்சிலிருந்து வருகிறது என்பது வரைக்கும் எழுதியிருந்தேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் காட்டும் ஆசை, வேறென்ன. கேட்க வேண்டியது இரண்டே விஷயம்: மணலை ஆற வைக்க ஒரு ஏற்பாடு, ஈரம் பார்க்க ஒரு கருவி. அது 22ஆவது ஸ்லைடின் கடைசி வரியில் இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மீட்டிங். ஒன்பதாவது ஸ்லைடிலேயே முதலாளி கேட்டுவிட்டார்: "செரிங்க தம்பி, இப்ப நான் என்ன பண்ணோணும்?"

"அதுக்குத்தாங்க வர்றேன்" என்று பத்தாவதுக்குப் போனேன். பதினாலாவதில் போன் வந்து எழுந்து போனவர் திரும்பவில்லை. 22ஆவது ஸ்லைடைப் பார்த்தது கணக்குப் பிரிவுக்காரரும் இரண்டு சூப்பர்வைசர்களும்.

பின்னால் கொலம்பியா விண்கலம் பற்றிப் படித்தபோது அந்த மதியம்தான் நினைவுக்கு வந்தது. 2003 ஜனவரியில் அது விண்ணில் சுற்றிக்கொண்டிருந்தபோது, கிளம்புகையில் இறக்கையில் மோதிய நுரைத் துண்டு ஆபத்தா என்று பொறியாளர்கள் ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம். மோதியதற்குப் போட்ட கணக்கு 1920. கிட்டத்தட்ட 640 மடங்கு. அந்த எண் ஒரு ஸ்லைடின் அடியில், பொடி எழுத்தில் கிடந்தது. தலைப்போ பயப்பட ஒன்றுமில்லை என்ற தொனியில். பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போனார்கள். ஸ்லைடால்தான் விபத்து என்று சொல்ல வரவில்லை. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அதையும் எடுத்துப் பேசியது.

சரி, என் கதைக்கு வருகிறேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி வாய்ப்பு கிடைத்தது. இந்த முறை புரொஜெக்டர் வேண்டாம் என்றேன். குறுக்கே அறுத்த கேசிங் ஒன்றையும், ஒரு சட்டியில் மணலையும் மேஜையில் வைத்தேன். "ரெண்டு விஷயம் வேணுங்க" என்றுதான் ஆரம்பித்தேன்.

அவர் சுண்டுவிரலைக் குழிக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கி, நடுவில் உடைத்தார். சின்ன வயதில் மணல் அச்சு போடும் மோல்டிங்கில் நின்றவர். அவருக்குப் போய் நான் பெண்டோனைட் பாடம் எடுத்திருக்கிறேன்!

"இது காலைல எடுத்ததா, மத்தியானமா?"

எனக்குத் தெரியவில்லை. சட்டியைத் தூக்கி வந்த மிக்ஸர்க்கார அண்ணன், செருப்பில்லாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"மத்தியானமுங்க" என்றார் அங்கிருந்தே. "அப்பத்தானுங்க சூடு ஜாஸ்தி."