மொட்டை விழுந்த பிரஷ்

1986இல் எங்களோடு ஏ.எல். (உயர்தரம்) படித்தவர்களுக்கு விலங்கியல் ஆய்வுகூடத்துத் தண்ணீர்த் தொட்டி நினைவிருக்கும். அதன் ஓரத்தில் சோதனைக்குழாய் கழுவும் பிரஷ் ஒன்று தொங்கும். நுனியில் மயிர் கொட்டி மொட்டை விழுந்தது. கசியிழையம், அதாவது குருத்தெலும்பு, படிப்பித்த அன்று சேர் அதைத்தான் கையில் எடுத்தார்.

"நடுக்கம்பி புரதம். மயிரெல்லாம் சீனிச் சங்கிலி. இதுதானடாப்பா புரோட்டியோகிளைக்கன்."

அதையும் கிளைக்கோபுரதத்தையும் ஒன்றென்று எழுதி, முந்தின தவணையில் நான் பூச்சியம் வாங்கியிருந்தேன். கிளைக்கோபுரதமும் சீனி ஒட்டிய புரதம்தான், ஆனால் அதில் புரதம்தான் பெரும்பங்கு. கசியிழையத்தில் இருக்கும் இந்தச் சாமானோ மறுவளம்: நிறையில் பத்துக்கு ஒன்பது பங்கு சீனி.

சேர் பிரஷைத் தண்ணீரில் தோய்த்துத் தூக்கினார். வடிந்தது போக, மயிருக்கிடையில் மிச்சம் நின்றது. சங்கிலிகளில் சல்பேற்று இருப்பதால் மறை (நெகட்டிவ்) ஏற்றம். ஒன்றையொன்று தள்ளி விரியும், சோடியத்தை இழுக்கும், அதன் பின்னால் தண்ணீரும் வரும். மைதானத்தில் நாங்கள் குதித்த குதிப்பெல்லாம் முழங்கால் தாங்கியது அந்தத் தண்ணீரால்தான்.

புரோட்டியோகிளைக்கனில் பல வகை. அவற்றின் பெயர்களெல்லாம் லண்டனில் ஆய்வுகூட வேலைக்கு வந்தபிறகு படித்தவை. இருக்கும் இடத்தை வைத்துப் பிரிப்பதுதான் எனக்குச் சுகம். கலத்துக்குள்ளே செர்கிளைசின், இரத்தம் உறையாமல் ஏற்றும் ஹெப்பாரின் அதன் சங்கிலியிலிருந்து வருவதுதான், பன்றிக் குடலிலிருந்து எடுக்கிறார்கள். கலமென்சவ்வில் சின்டெக்கனும் கிளிப்பிக்கனும் கலத்தை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளைப் பிடித்துக் கொடுக்கும். கலப்படைக்கு அடியில் விரிந்திருக்கும் அடிமென்சவ்வில் பெர்லிக்கன். வெளியே கொலாஜன் நாரை ஒழுங்குபடுத்தும் டெக்கோரின், கருவிழி தெளிவாயிருக்க உதவும் லூமிக்கன், அப்புறம் நம்முடைய பிரஷ், அக்ரிகன். அதன் ஒரு கம்பியில் மட்டும் நூறளவில் கொண்ட்ரோயிற்றின் சல்பேற்றுச் சங்கிலிகள். அப்படிப்பட்ட பிரஷ்கள் பல, ஹையலுரோனிக் அமிலம் என்ற நீண்ட இழையில் வரிசையாகக் கொழுவியிருக்கும்.

முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையில் வெட்டியெடுத்த துண்டுகள் என் மேசைக்கு வரும். சப்ரனின் ஓ சாயம் அந்த மறை ஏற்றத்தில்தான் ஒட்டும். நல்ல கசியிழையம் நுணுக்குக்காட்டிக் கண்ணாடி வழுக்கியில் செம்மஞ்சளாகத் தகதகக்கும். தேய்ந்ததில் மேற்பரப்பு வெளிறிக் கிடக்கும். நொதியங்கள் கம்பியை வெட்ட, சங்கிலிகள் கழன்று போன இடம்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு இதை விளக்க ஒரு பிரஷ் தேடினேன். இங்கே குழாய் கழுவும் வழக்கமே இல்லை, பாவித்ததும் எறிவதுதான். அடுத்தநாள் வீட்டிலிருந்து, பேரனின் பால்போத்தல் கழுவும் பிரஷைக் கொண்டுபோனேன்.