துணைமின்நிலையப் பணி
சிங்கப்பூரில் மின் அமைப்பு ஒருங்கிணைப்பு, தானியக்கப் பொறியாளராகப் பணியாற்றுகிறேன். வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்த பாதுகாப்பு ரிலேக்களை, அதாவது மின்பழுதைக் கண்டறியும் கருவிகளை, அவை ஒன்றோடொன்று தகவல் பரிமாறுவதற்கான ஐஇசி 61850 என்ற பன்னாட்டுத் தரநிலையின்படி ஒரே வலையமைப்பில் இணைப்பதும், பழுது நேர்ந்தால் துண்டிப்பு ஆணை சில மில்லி விநாடிகளில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் உரிய பிரேக்கரைச் சென்றடைகிறதா என்று சோதிப்பதுமே என் வேலையின் பெரும்பகுதி. செய்தி சேர்ந்ததாகத் திரை காட்டினாலும், பிரேக்கர் திறந்ததைக் கண்ணால் பார்க்காமல் நான் கையொப்பமிடுவதில்லை. இதில் எவரும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சூரிய மின்சாரம் பெருகப் பெருக இப்பொறுப்பும் கூடுகிறது. 2021இல் திறக்கப்பட்ட தெங்கே நீர்த்தேக்கத்தின் 60 மெகாவாட் மிதவைச் சூரியமின் நிலையத்தை மேகம் மறைத்தால் உற்பத்தி சட்டென்று சரியும். மின்கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் குலையாதிருக்க, ஜூரோங் தீவிலுள்ள மின்கலச் சேமிப்பு நிலையம் போன்றவை தாமாகவே உடனடியாக ஈடுகொடுக்க வேண்டும். இத்துறைக்கு வர விரும்பும் தம்பி தங்கைகள் மின்னியலோடு கணினி வலையமைப்பையும் ஆழ்ந்து படியுங்கள்.