மஞ்சள் பேஷன் ஃப்ரூட்: ஒருவழியாகக் காய் பிடித்தது

போன பருவம் வரை பந்தல் நிறையப் பூக்கும், அப்புறம் எல்லாமே உதிர்ந்துவிடும். கொடியில் நோய் எதுவும் கிடையாது. ஊதா ரகம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். மஞ்சள் ரகத்துக்கு வேறொரு கொடியின் மகரந்தம் வேண்டும். அதே கொடியில் வெட்டி நட்ட தண்டு பூத்தாலும் உதவாது, மரபில் இரண்டும் ஒரே செடிதானே. அதனால் வேறொரு பழத்தின் விதையைப் போட்டு, இரண்டாவது கொடியைப் பக்கத்திலேயே ஏற்றிவிட்டேன்.

பேஷன் ஃப்ரூட் இனத்தின் பூர்வீகம் தெற்கு பிரேசில், பராகுவே, வடக்கு அர்ஜென்டினா. அங்கே மகரந்தம் சுமப்பவை மரத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டுகள். தேனீ சின்னது; மகரந்தத்தை அள்ளிக்கொண்டு, மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியைத் தொடாமலே போய்விடுகிறது. என் பந்தலுக்குத் தேனீதான் வருகிறது. சரி, பிரஷ்ஷை எடுத்தேன்.

மஞ்சள் ரகப் பூ நண்பகல் வாக்கில் விரியும். அப்போது மூன்று சூல்முடிகளும் நிமிர்ந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் வளைந்து மகரந்தப்பைகளின் மட்டத்துக்கு இறங்கும். அதுவரை பொறுத்திருந்து தடவுகிறேன். சில பூக்களில் அவை வளைவதே இல்லை, அவற்றை விட்டுவிடலாம். மழை வருகிற மாதிரி இருந்தாலும் வேண்டாம். நனைந்தால் மகரந்தத் துகள் வெடித்துவிடும்.

இத்தனை கிட்டத்தில் பார்க்கும்போது பழைய பாதிரிமார்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1610-ல் ரோமில் வெளிவந்த, சிலுவை பற்றிய தன் நூலில் இத்தாலிய அறிஞர் ஜாக்கோமோ போசியோ இந்த இனத்துப் பூவை வியந்து எழுதினார். மூன்று சூல்முடிகள் ஏசுவை அறைந்த ஆணிகள், ஐந்து மகரந்தப்பைகள் காயங்கள், சுற்றிலும் உள்ள இழைகள் முள்முடி, பற்றுச்சுருள்கள் சாட்டை என்று அந்த வாசிப்பு விரிந்தது. இந்தியாவிலோ இழைகள் நூறு கௌரவர்கள், மகரந்தப்பைகள் பஞ்சபாண்டவர், சூல்முடிகள் மும்மூர்த்திகள். நம்பிக்கை எதுவானாலும் ஐந்தையும் மூன்றையும் எண்ணாமல் யாரும் விடவில்லை. பிரஷ் போய்த் தொட வேண்டிய இடங்களும் அவையேதான். இது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இப்போது பச்சைக் காய்கள் முழு அளவுக்கு வந்துவிட்டன. பூவிலிருந்து பழுக்க எழுபது, எண்பது நாள் ஆகும். பழுத்தால் தானே விழும் என்பதால் பறிக்கப் போவதில்லை. கீழே வைக்கோல் பரப்பியிருக்கிறேன். தோல் லேசாகச் சுருங்கினால் புளிப்பு குறையும். அறுவடை முடிந்ததும் கவாத்து, ஏனென்றால் புதுத் தளிரில்தான் பூ வைக்கும்.