மீட்டர் பக்கம் பார்த்து அளங்கள்

எங்கள் தெருமுனை ஒயின் ஷாப் போன வாரம் ஷட்டரை இறக்கிவிட்டது. அதை அங்கிருந்து எடுக்க வைக்க ஒன்பது மாத அலைச்சல். அதில் நாலு மாதம் என் முட்டாள்தனத்தால் வீணானது. அந்த எரிச்சல் இன்னும் போகாததால்தான் இதை எழுதுகிறேன்.

இடம் வடசென்னையில் தண்டையார்பேட்டை. டி.எச். ரோட்டை (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) விட்டு உள்ளே திரும்பினால் கடை, அதைத் தாண்டி ஒரு சந்து, சந்து முடிகிற இடத்தில் மாநகராட்சிப் பள்ளி. என் மகள் அங்கே நாலாவது படிக்கிறாள். கடை பகல் 12 மணிக்குத் திறந்துவிடும். பள்ளி விடுகிற நேரத்தில் சந்து முழுக்கப் பிளாஸ்டிக் டம்ளரும் வாட்டர் பாக்கெட்டும்தான். பிள்ளைகள் அந்த டம்ளரை எத்திக்கொண்டே வீடு வரை வருவார்கள். 2023 ஜூன் 22 அன்று 500 கடைகளை மூடினார்களே, அதில் இதுவும் இருக்கும் என்று தெருவே காத்திருந்து ஏமாந்தது.

முதல் மனுவை உருகி உருகி எழுதினேன். கல்லீரல், புற்றுநோய், இந்தத் தெருவில் நாற்பது வயதுக்குள் தாலி இழந்த மூன்று பேர், மக்கள் நல்வாழ்வைக் காப்பது அரசின் கடமை என்று சொல்லும் அரசியல் சட்டம் 47-ஆவது பிரிவு, எல்லாம் இருந்தது. கூடவே 62 கையெழுத்து. அலுவலகத்தில் இருந்த எழுத்தர் இரண்டு பக்கத்தையும் புரட்டினார். "எல்லாம் சரிம்மா, எத்தனை மீட்டர்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மதுக்கடைகளுக்கான 2003-ஆம் ஆண்டு விதிகளில், மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் 50 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது. மற்ற ஊர்களில் 100 மீட்டர். கல்லீரல் கதை எழுதினால் அனுதாபம்தான் கிடைக்கும். கோப்பு நகர வேண்டுமானால் மீட்டர் வேண்டும்.

சரி, அளந்துவிடலாம் என்று பக்கத்து வீட்டு அக்காவும் நானும் கிளம்பினோம். தெருவில் ஒரு மேஸ்திரி அண்ணன் இருக்கிறார், அவரிடம் மஞ்சள் டேப் வாங்கினோம். காலை ஆறு மணி, கடை மூடியிருந்தது. கடை வாசல் நடுவில் அக்கா டேப்பை மிதித்துக்கொண்டு நிற்க, நான் சந்து வழியாக இழுத்துக்கொண்டு போனேன். டேப் எட்டாத இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு மறுபடி அங்கிருந்து. பள்ளி கேட் வரை கூட்டினால் 138. மனுவில் "தூரம் 138" என்று எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "மனுதாரரே தூரம் 138 மீட்டர் எனக் குறிப்பிட்டுள்ளதால், விதிமீறல் ஏதும் இல்லை என மனு முடித்துவைக்கப்படுகிறது."

டேப்பை மறுபடி வாங்கி வந்து பார்த்தேன். ஒரு பக்கம் அடி, மறுபக்கம் மீட்டர். நான் படித்தது அடி. 138 அடி என்றால் 42 மீட்டர் சொச்சம். அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இன்னும் நிறுத்தவில்லை. முடித்த மனுவைத் திறக்க முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும் என்றார்கள். அதற்கு இன்னும் இரண்டு மாதம்.

இந்த முறை "42 மீட்டர்" என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு போனேன். அதே எழுத்தர். "அது கமர்ஷியல் ஏரியாம்மா, அந்த ரூல் வராது" என்றார். முதல் நாளே இதைச் சொல்வதற்கு அவருக்கு என்ன கேடு என்று தெரியவில்லை.

ஆனால் அவர் சொன்ன விதி உண்மை. நகரத் திட்டத்தில் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று வகைப்படுத்திய இடங்களுக்கு அந்த 50 மீட்டர் பொருந்தாது. வடசென்னைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் பாதி இடம் வணிகம், மீதியில் பாதி தொழிற்சாலை. பள்ளிச் சுவரை ஒட்டியே கடை வைத்தாலும் வரைபடத்தில் நிறம் வேறு என்றால் வாய் திறக்க முடியாது. கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லி ஊரிலிருந்து சித்தி போனில் யோசனை சொன்னாள். இது கார்ப்பரேஷன் சித்தி, இங்கே வரைபடம்தான் சாமி.

நாலு கடை வரிசையாக இருந்தால் அது வணிகப் பகுதி ஆகிவிடாது. வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். 2008-இல் நடைமுறைக்கு வந்த சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இரண்டாவது முழுமைத் திட்டத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு என்ன நில உபயோகம் போட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு. அதற்கு முதலில் கடை இருக்கும் மனையின் எண் வேண்டும். கடைக்காரர்களிடம் கேட்க முடியுமா? கடைக்கு ஒட்டின வீட்டுத் தாத்தா தன் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். மனையின் நாலு எல்லையைச் சொல்லும் செக்குபந்தியில் "தெற்கே" என்று போட்டிருந்த இடத்தில் கடை மனையின் டி.எஸ். எண், அதாவது நகர சர்வே எண், இருந்தது. எனக்கு அன்று தீபாவளி.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நில உபயோகம் என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஆனாலும் 6(3) பிரிவின்படி அவர்களே உரிய இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதில் வந்தது: கலப்புக் குடியிருப்பு. டி.எச். ரோட்டைப் பார்த்த மனைதான் வணிகம், அதற்குப் பின்னால் இருக்கும் கடை மனை வணிகம் இல்லை.

இதோடு பள்ளி எந்த வருடம் தொடங்கியது, கடை எப்போது வந்தது என்றும் கேட்பார்கள். தலைமையாசிரியை கடிதம் எழுதிக் கொடுத்தார். அதில் சிக்கலே இல்லை.

கடைசியாக நேரில் அளக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். காலையில் வரட்டுமா என்று போன் வந்தது. வேண்டுமென்றே, "நாலு மணிக்கு மேல் வாங்க சார்" என்றேன். வந்தவர் மெயின் ரோட்டைச் சுற்றி அளந்து 71 என்று எழுதினார். பாதசாரி வழக்கமாகப் போகும் கிட்டின வழியில் அளக்க வேண்டும் என்பதுதான் விதி. சந்து வழியைக் காட்டினேன். "இது வழியா யாரும்மா நடப்பாங்க?" என்று அவர் கேட்டு வாய் மூடவில்லை, மணி அடித்தது. இருநூறு பிள்ளைகள் சந்து வழியாகத்தான் ஓடி வந்தார்கள். ஒருவன் அவர் காலடியில் கிடந்த டேப்பைத் தாண்டிக் குதித்தான். 71-ஐ அடித்துவிட்டு 42 என்று எழுதினார். அடித்த இடத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். நீங்களும் வாங்கிவிடுங்கள்.

கடை மூடவில்லை, இடம் மாறியிருக்கிறது. இரண்டு தெரு தள்ளி, ரேஷன் கடைக்கு எதிரில். முந்தாநாள் அந்தத் தெருப் பெண் ஒருவர் வீடு தேடி வந்து டேப் இருக்கிறதா என்று கேட்டார். மேஸ்திரி அண்ணனிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். மீட்டர் எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டுத்தான்.