மெம்பர் அண்ணை

தங்கச்சி வீட்டுக்குக் கட்டட அனுமதி எடுக்க நேற்று எங்கள் ஒழுங்கை மெம்பர் அண்ணையிடம் போனேன். இப்போது அவர் மெம்பர் இல்லை. காணி, கட்டட அலுவல்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் தொழில்.

2018 பெப்ரவரி 10 இலங்கை உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் வென்று பிரதேச சபைக்குப் போனவர். மாரி வெள்ளம் ஓட வாய்க்கால் வெட்டுவித்தது அவர்தான். சந்தியில் லைட் எரியவில்லை என்று இரவு பத்து மணிக்குச் சொன்னாலும் சைக்கிளில் வந்து பார்ப்பார். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான். இடையில் அவரும் குடும்பம் பார்க்க வேண்டுமே. கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் காணி அலுவலுக்கு ஆள் தேட, அப்படியே தொழிலாகிவிட்டது.

காணி உறுதிப் பத்திரம், நில அளவை வரைபடம், சபைக்குக் கட்டும் சோலைவரியின் பற்றுச்சீட்டு எல்லாம் பார்த்து, எது குறைகிறது என்று அரை மணித்தியாலத்தில் சொன்னார். ஒரு அலுவலகத்துக்கு மூன்று தரம் அலைந்தும் எனக்கு யாரும் சொல்லாத விஷயம் அது. காசு கொடுத்ததில் வருத்தமே இல்லை. ஆனால் அந்த அறிவு ஊர் வாக்குப் போட்டு அவருக்குக் கிடைத்தது. காசில்லாத பக்கத்து வீட்டு ஆச்சி என்ன செய்வா? அதை அவரிடமே கேட்டேன்.

"தம்பி, ஆச்சியிட்ட நான் காசு வாங்கமாட்டன். அலுவலகத்துக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் வராட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில எழுதிப் போடு. 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும்" என்றார்.

நாளைக் காலை ஆச்சியின் உறுதியோடு இருவரும் அவரிடம் போகிறோம்.