பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள்

ஜெர்மனிக்குப் புதிதாக வரும் சைவக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: இங்கேயும் பாக்கெட்டுகளில் பச்சை வட்டம் இருக்கும், அதைப் பார்த்து எதையும் வாயில் போட்டுவிடாதீர்கள். இரண்டு அம்புகள் பின்னிய அந்த வட்டம், பாக்கெட் குப்பையைத் திரட்டும் செலவுக்கு நிறுவனம் பணம் கட்டிவிட்டது என்பதற்கான அடையாளம். பன்றி சாசேஜ் உறையிலும் இருக்கும்.

நம்மூர் போல சைவத்துக்குக் கட்டாய முத்திரை இங்கே கிடையாது. மஞ்சள் நிறத்தில் ஒரு 'வி' குறி உண்டு, விரும்பியவர்கள் போடலாம். ஆகவே பொருட்பட்டியலைப் படித்தே தீரவேண்டும். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருட்கள் தனியாகத் தெரியும்படி, பெரும்பாலும் தடித்த எழுத்தில், இருக்கும். அந்தப் பதினான்கில் எள்ளும் கடுகும் வேர்க்கடலையும் அடக்கம். நம் தாளிப்புக் கரண்டியே ஆபத்துப் பட்டியலில்தான். இந்தியக் கடைப் பெருங்காய டப்பாவில் கோதுமை மாவு கலந்திருப்பதை எனக்குச் சொன்னதும் இந்தத் தடித்த எழுத்துதான். ஆனால் அந்த எழுத்து இருக்கும் ஜெர்மன் ஸ்டிக்கரை நம்மூர்ப் பச்சைப் புள்ளியின் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள், என்ன செய்ய!

மழலையர் பள்ளியில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஜெல்லி மிட்டாய் நிச்சயம். அதில் 'ஷெலட்டீனே', அதாவது ஜெலட்டின், என்று இருக்கும். பெரும்பாலும் பன்றித்தோலிலிருந்து எடுத்தது. அது பரவாயில்லை, எழுதியாவது இருக்கிறது. எழுதாமல் விடுவதுதான் தொல்லை. ஆப்பிள் ஜூஸைத் தெளியவைக்க ஜெலட்டின் சேர்த்து, பிறகு வடிகட்டி எடுத்துவிட்டால் அதைப் பட்டியலில் காட்டத் தேவையில்லை. தயாரிப்புக்கு உதவிய பொருள், உள்ளே இருக்கும் பொருள் அல்ல என்பது சட்டத்தின் கணக்கு. அதனால் எங்கள் வீட்டில் தெளியவைக்காத, கலங்கலான ஜூஸ்தான். ருசியும் அதில்தான் என்பது என் கட்சி.

சீஸ் இன்னும் மோசம். பாலும் உப்பும் நுண்ணுயிரும் நொதியும் மட்டும் சேர்ந்த சீஸுக்குப் பொருட்பட்டியலே கட்டாயமில்லை. பாலைத் திரிக்கும் நொதி கன்றின் இரைப்பையிலிருந்து வந்ததா, நுண்ணுயிரிலிருந்து வந்ததா என்று கடைக்காரரைத்தான் கேட்கவேண்டும். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கேட்கவே வேண்டாம். கன்றின் நொதிதான் விதி.

முட்டை சாப்பிடுகிற எனக்கு வேறு கதை. ஒவ்வொரு முட்டை ஓட்டிலும் ஒரு எண் அச்சாகியிருக்கும். முதல் இலக்கம் 0 என்றால் இயற்கைப் பண்ணை, 1 வெளியே மேயும் கோழி, 2 கொட்டகைக்குள் திரிவது, 3 கூண்டு. அப்புறம் நாட்டின் குறி. அதையடுத்து 08 என்று தொடங்கினால் எங்கள் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துப் பண்ணை. இவ்வளவு கறாராக இருப்பவர்கள், அதே முட்டை நூடுல்ஸுக்குள்ளோ கேக்குக்குள்ளோ போய்விட்டால் கோழி எப்படி வளர்ந்தது என்று சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஈஸ்டருக்கு அவித்துச் சாயம் பூசி விற்கும் முட்டைக்கும் அதே சலுகைதான்.